பள்ளி என்ற சொல்லுக்குள் எத்தனை மதங்கள்?



இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் இரவு சாப்பிட்ட பிறகு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்குவாதம். ஒருவர் அனுப்பிய செய்தி: "சோழர்கள்தான் தமிழ்நாட்டில் பௌத்தத்தை அழித்தார்கள்." அடுத்தவர் அனுப்பிய பதில்: "நம் மன்னர்கள் எல்லா மதத்தையும் ஒரே கண்ணால் பார்த்தார்கள். நம் ஊரில் மதச்சண்டை என்பதே கிடையாது." வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேரும் சான்றாகக் காட்டியது ஒரே ஊரை, நாகப்பட்டினத்தை. கடைசியில் இருவருமே குழுவைவிட்டு வெளியேறிவிட்டார்கள். நான்கு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட பிள்ளைகள். "சார், நீங்கள் சொல்லுங்கள், யார் சரி?" என்று ஏழெட்டுப் பேர் எனக்குத் தனியாக எழுதினீர்கள்.

யார் சரி என்று மார்க் போட நான் வரவில்லை. நாகப்பட்டினத்தில் நடந்தது இரண்டு வரியில் அடங்காது. அதைச் சொல்கிறேன், தீர்ப்பை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். முப்பது வருடத்துக்கு மேல் எனக்குச் சோறு போட்ட சொல். "பள்ளி."

பள்ளிகொள்ளுதல் என்றால் படுத்திருத்தல். பள்ளியறை, பள்ளியெழுச்சி எல்லாம் அந்தப் பொருளில் வருபவை. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமண முனிவர்கள் தங்கிய குகைகள் இருக்கின்றன. பாறையை வழவழப்பாகச் செதுக்கிப் படுக்கை அமைத்திருப்பார்கள். பக்கத்திலேயே தமிழ் பிராமி எழுத்தில், இதைச் செய்து கொடுத்தவர் இன்னார் என்று வெட்டியிருப்பார்கள். மாங்குளம் கல்வெட்டுகள் 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழமையானவை. துறவிகளின் இருப்பிடத்தை அவை "பளி" என்று குறிக்கின்றன. அங்கிருந்து தொடங்கி, சமணரும் பௌத்தரும் தங்கி வழிபட்ட இடங்கள் எல்லாம் பள்ளி ஆயின. துறவிகள் இருந்த இடத்தில் பாடம் சொல்வதும் நடந்தது. நம் பள்ளிக்கூடம் அந்த வழியில் வந்தது என்று தமிழறிஞர்கள் பலர் சொல்வார்கள்.

அத்தோடு நிற்கவில்லை. முஸ்லிம்கள் தொழும் இடம் நமக்குப் பள்ளிவாசல். மலையாளத்தில் மசூதியும் பள்ளி, கிறிஸ்தவர்களின் தேவாலயமும் பள்ளி. கொச்சியில் யூதர்களின் ஜெப ஆலயத்துக்குக்கூட யூதப் பள்ளி என்றுதான் பெயர். கொல்லத்தில் கி.பி. 849இல் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு வேணாட்டு ஆட்சியாளர் உரிமைகள் வழங்கிய செப்பேட்டுக்குத் தரிசாப்பள்ளிச் செப்பேடு என்று பெயர். அதை எழுதியது வட்டெழுத்தில். சாட்சிக் கையெழுத்துகள் அரபி எழுத்திலும் பாரசீகத்துப் பஹ்லவி எழுத்திலும் எபிரேய எழுத்திலும் இருக்கின்றன. ஒரு கிறிஸ்தவத் தேவாலயத்துக்கு இந்து அரசர் கொடுத்த உரிமைக்கு முஸ்லிமும் பாரசீகரும் யூதரும் சாட்சி. 1,100 ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு துறைமுகத்தில்.

துறைமுகம் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இப்போது நாகப்பட்டினம் போவோம்.

அந்த ஊருக்கும் பௌத்தத்துக்கும் உள்ள உறவு சோழர்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீனத் துறவிகளைப் பற்றி எழுதிய இத்சிங் நாகப்பட்டினத்தைக் குறிப்பிடுகிறார். கடாரத்திலிருந்து கப்பலில் வருபவர்கள் இங்கே இறங்கி, இங்கிருந்து இலங்கைக்குப் போவார்கள். பாலி மொழியில் பௌத்த நூல்களுக்கு உரை எழுதிய தருமபாலர், நாகப்பட்டினத்து விகாரையில் தங்கி உரை எழுதியதாக அவர் நூல் ஒன்றின் முடிவிலேயே குறிப்பு உண்டு.

உங்களில் பலருக்கு நாகை விகாரம் பொன்னியின் செல்வன் மூலம்தான் தெரியும். காய்ச்சலில் கிடந்த அருள்மொழிவர்மரைச் சூடாமணி விகாரத்தில் ஒளித்துவைத்துப் பிட்சுக்கள் காப்பாற்றுவார்கள் அல்லவா? அது கல்கியின் கற்பனை. கதைக்காக அவர் காலத்தை முன்னே நகர்த்திக்கொண்டார். செப்பேடு சொல்லும் வரலாறு வேறு. அது கதையைவிடச் சுவையானது.

அந்தச் செப்பேட்டுக்கு ஆனைமங்கலச் செப்பேடு என்று பெயர். டச்சுக்காரர்கள் கொண்டுபோய், நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்றும் சொல்வார்கள். பெரியது, சிறியது என இரண்டு தொகுதி. பெரிய தொகுதியில் 21 ஏடுகள். 5 ஏடுகளில் சமஸ்கிருதம், 16 ஏடுகளில் தமிழ். ஒரு பெரிய வளையத்தில் கோத்து, ராஜேந்திர சோழனின் முத்திரை பதித்திருக்கிறார்கள். மொத்த எடை சுமார் 30 கிலோ. தூக்கிப் பார்த்தால்தான் அரசாணை என்ற சொல்லின் கனம் புரியும்!

செய்தி இதுதான். சுமத்ரா, மலேயாப் பகுதிகளை ஆண்ட ஸ்ரீவிஜய அரசன் ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரில் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எடுத்தான். முதலாம் ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1006ஐ ஒட்டி, அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். நிலம் சுமார் 97 வேலி. அதிலிருந்து வரவேண்டிய நெல் 8,943 கலம், அதன்மேல் சில்லறையாகத் தூணி, குறுணி, நாழி வரை கணக்கு. நாழி நெல்லைக்கூட விடாத கணக்குப்பிள்ளைகள் அவர்கள்!

எல்லை குறித்த முறையையும் கேளுங்கள். ஒரு பெண் யானையை நிலத்தைச் சுற்றி நடத்திக் கூட்டிப்போவார்கள். அதிகாரிகளும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் கூடவே நடப்பார்கள். யானை நடந்த தடத்தில் கல்லும் கள்ளியும் நட்டு எல்லை ஆக்குவார்கள். "பிடி சூழ்தல்" என்று அதற்குப் பெயர். அப்படி நடந்தவர்களில் பக்கத்துப் பிரமதேய ஊர்களின் பிராமணர்களும் உண்டு. புத்தர் கோயிலுக்கான நிலத்தின் எல்லைக்கு வேதம் ஓதுபவர்கள் சாட்சி.

சிவன் கோயிலுக்குக் கொடுத்தால் தேவதானம். பெருமாள் கோயிலுக்குத் திருவிடையாட்டம். பிராமணருக்குப் பிரமதேயம். சமண பௌத்தப் பள்ளிகளுக்குக் கொடுத்தால் பள்ளிச்சந்தம். இப்படி ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் இருந்ததே ஒரு வரலாறு. எப்போதோ ஒருமுறை நடக்கும் அதிசயத்துக்கு யாரும் தனிச்சொல் வைக்கமாட்டார்கள். வருவாய்த்துறையில் அதற்கென்று ஒரு தலைப்பே இருந்திருக்கிறது என்பதுதான் பொருள்.

ராஜராஜன் யார்? சிவபாதசேகரன் என்று பட்டம் வைத்துக்கொண்டவன். அதே ஆண்டுகளில் தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிக்கொண்டிருந்தவன். அவன் ஏன் புத்தருக்கு ஊர் கொடுத்தான்?

பெருந்தன்மை மட்டும் என்று சொன்னால் முதல் பிள்ளை சிரிப்பான். அரசியல் மட்டும் என்று சொன்னால் இரண்டாவது பிள்ளைக்குக் கோபம் வரும். இரண்டும்தான் என்பது என் கருத்து. சீனாவுக்குப் போகும் கப்பல் எல்லாம் ஸ்ரீவிஜயத்தின் கடல்வழியாகத்தான் போகவேண்டும். அந்த அரசனின் நட்பு சோழ வணிகர்களுக்குத் தேவை. வரும் வணிகர்களுக்கும் மாலுமிகளுக்கும் கும்பிட ஓர் இடம் இருந்தால்தான் துறைமுகம் செழிக்கும். அதே சமயம், அறம் செய்தால் புண்ணியம், அந்த அறத்தைக் காத்தால் அதைவிடப் புண்ணியம் என்ற நம்பிக்கையும் உண்மையானது. செத்த தந்தையின் பெயரால் கோயில் எடுப்பது பௌத்தனுக்கும் சைவனுக்கும் பொதுவான வழக்கம். ஒருவன் நம்பிக்கை அடுத்தவனுக்கு விளங்காத மொழியாக இருக்கவில்லை.

ஸ்ரீவிஜய அரசன் மட்டும் சும்மா இருந்தானா? அவன் ஆட்கள் நாகப்பட்டினம் காயாரோகணசுவாமி கோயிலுக்கு நகைகளும் சீனக்கனகம் என்ற சீனத்துப் பொன்னும் கொடுத்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. சைவ அரசன் புத்தருக்கு ஊர் கொடுக்க, பௌத்த அரசன் சிவனுக்குப் பொன் கொடுத்தான். இதுதான் அந்த ஊரின் கொடுக்கல் வாங்கல்.

ஆனால் கதை இங்கே முடிந்தால் அது சினிமா. கி.பி. 1025இல் ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் கப்பற்படை அனுப்பி அதே ஸ்ரீவிஜயத்தைத் தாக்கினான். அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைச் சிறைபிடித்து, அவன் செல்வத்தையும் அள்ளிவந்ததைத் தன் மெய்க்கீர்த்தியில் பெருமையாக எழுதிக்கொண்டான். தந்தை தானம் கொடுத்த நட்புநாடு அது. அந்தத் தானத்தைச் செப்பேட்டில் பொறித்து நிலைநிறுத்தியதும் இதே ராஜேந்திரன்தான். எல்லா மதமும் ஒன்று என்ற ஒரே வரியில் சோழர்களை அடக்க நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

சோழர்கள் பௌத்தத்தை அழித்தார்கள் என்பவர்களும் நிற்க வேண்டும். போர் நடந்து 65 ஆண்டு கழித்து, 1090இல் முதலாம் குலோத்துங்கன் ஒரு செப்பேடு வெளியிடுகிறான். அதுதான் 3 ஏடுகள் கொண்ட சிறிய லெய்டன் செப்பேடு. கடாரத்து அரசனின் தூதர்கள் வந்து கேட்க, நாகப்பட்டினத்துப் பள்ளிகளின் நிலங்களுக்கு வரிவிலக்கு அளிக்கிறான். அந்தப் பள்ளிகளின் பெயர் ராஜராஜப் பெரும்பள்ளி, ராஜேந்திரசோழப் பெரும்பள்ளி! படையெடுத்தவன் பெயரிலேயே ஒரு புத்தர் பள்ளி. அதே சோழர் காலத்தில்தான், வீரராஜேந்திரன் ஆதரவில், புத்தமித்திரர் என்ற பௌத்தர் வீரசோழியம் என்ற தமிழ் இலக்கணம் எழுதினார்.

சரி, அந்தப் பள்ளிகளுக்குள் எப்படிக் கும்பிட்டார்கள்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1856 தொடங்கி 1930கள் வரை நாகப்பட்டினத்து மண்ணிலிருந்து சுமார் 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சில உலக அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன. அவற்றில் ஒரு புத்தரின் பீடத்தில் தமிழில் எழுதியிருக்கிறது. ராஜேந்திரசோழப் பெரும்பள்ளியைச் சேர்ந்த அக்கசாலைப் பெரும்பள்ளியில், திருவிழாவில் எழுந்தருளச் செய்த உற்சவத் திருமேனி என்பது செய்தி. அக்கசாலை என்றால் பொன்வேலை நடக்கும் இடம். பொற்கொல்லர்களோடு தொடர்புள்ள பள்ளி. அங்கே புத்தரை என்ன பெயரில் அழைக்கிறார்கள் தெரியுமா? ஆழ்வார்!

நம் கோயில்களில் மூலவர் உள்ளே இருப்பார், உற்சவர் வீதி உலா போவார். நாகப்பட்டினத்துப் புத்தரும் அப்படியே உலா போயிருக்கிறார். கொள்கையில் இரண்டும் வேறு. புத்தர் வரம் கொடுக்கும் கடவுள் இல்லை. ஆசையை அறுத்தால் துன்பம் அறும் என்று வழி காட்டியவர். அவர் போதனையில் படைத்தவனும் இல்லை, நிலையான ஆன்மாவும் இல்லை. சைவ சித்தாந்தியும் பௌத்தரும் பட்டிமண்டபத்தில் உட்கார்ந்தால் விடியவிடிய வாதம்தான். ஆனால் வீதியில், விளக்கு, பூ, குடை, உலா என்ற வழிபாட்டு மொழி ஒன்றாக இருந்தது. வாதம் செய்தது மண்டபம். கும்பிட்டது தெரு. மதங்களைப் படிக்கும்போது இந்த இரண்டையும் தனித்தனியாகப் படியுங்கள் என்று வகுப்பில் நான் சொன்னது இதைத்தான்.

மண்டபத்து வாதம் மென்மையாக இருந்ததா? இல்லை. ஞானசம்பந்தர் தம் பதிகங்களில் பத்தாவது பாட்டைச் சமணரையும் பௌத்தரையும் கண்டிக்கவே ஒதுக்கினார். மணிமேகலை எல்லாச் சமயவாதிகளையும் கேட்டுவிட்டுப் பௌத்தமே சிறந்தது என்று முடிக்கும். பௌத்தக் குண்டலகேசிக்குப் பதில் சொல்லவே சமணரின் நீலகேசி எழுந்தது. திருமங்கையாழ்வார் நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைக் கவர்ந்துவந்து திருவரங்கத் திருப்பணிக்குப் பயன்படுத்தினார் என்று வைணவ குருபரம்பரைக் கதை சொல்கிறது. நடந்ததோ இல்லையோ, அதைப் பெருமையாகச் சொல்லும் மனநிலை இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

அப்படியானால் பௌத்தம் எப்படிப் போனது? ஒரே நாளில் யாரும் வெட்டிச் சாய்க்கவில்லை. பிட்சுக்கு நிலத்தில் உழும் வழக்கம் இல்லை. அன்றாடம் சோறிடும் இல்லறத்தார் வேண்டும். உள்நாட்டுக் கிராமங்களில் பக்தி இயக்கம் கோயிலைச் சுற்றி உறவு, தொழில், திருவிழா எல்லாவற்றையும் கட்டிவிட்டது. பௌத்தத்துக்கு மிஞ்சியது துறைமுகமும் வணிகரும் வெளிநாட்டு அரசர்களும். (துறைமுகத்தைக் குறித்து வைக்கச் சொன்னது இதற்குத்தான்.) 13ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவிஜயமும் தளர்ந்தது, சோழரும் முடிந்தார்கள். வேரில் தண்ணீர் ஊற்ற ஆள் குறைந்தது.

ஆனாலும் உடனே பட்டுப்போகவில்லை. 14ஆம் நூற்றாண்டில் சீனப் பயணி வாங் தாயுவான், 1267இல் கட்டி முடித்ததாகச் சீன எழுத்துப் பொறித்த ஒரு மண் கோபுரத்தைப் பற்றி எழுதினார். அது நாகப்பட்டினமே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. 15ஆம் நூற்றாண்டில் பர்மாவின் பெகு நகரில் வெட்டிய கல்யாணிக் கல்வெட்டு, கப்பல் உடைந்து கரையேறிய பிட்சுக்கள் நாகப்பட்டினத்துக்கு நடந்துவந்து, சீன அரசன் கட்டிய குகையில் புத்தரை வணங்கியதைச் சொல்கிறது.

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். 19ஆம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்தில் மூன்று நிலைச் செங்கல் கோபுரம் ஒன்று பாழடைந்து நின்றது. ஊரார் புதுவெளிக் கோபுரம் என்றார்கள், ஐரோப்பியர் சீனக் கோயில் என்றார்கள். கடலில் வரும் கப்பல்களுக்கு அது அடையாளம். வால்டர் எலியட் என்ற அதிகாரி 1846இல் அதைப் பார்த்து வரைந்துவைத்தார். அந்த வளாகத்தில் இயேசு சபையினர் கல்லூரி நடத்தினார்கள். 1856இல் அங்கே ஒரு பெரிய இலுப்பை மரத்தை வெட்டியபோது, அடியில் செங்கல் அறைக்குள் புத்தர் சிலைகள் இருந்தன. யாரோ, எதற்கோ பயந்து, திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று புதைத்தவை போலும். வரவேயில்லை. 1859இல் கோபுரத்தை இடிக்க அனுமதி கேட்டார்கள். 1867இல் அரசு அனுமதி தந்தது. கோபுரம் போனது, செங்கல் கட்டட வேலைக்குப் போனது.

ஒரு பள்ளியை இடித்து ஒரு பள்ளிக்கூடத்துக்கு இடம் செய்தார்கள். வாத்தியாராக இருந்த எனக்கு இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனக்கும். பாதிரிமார்களை மட்டும் திட்டி முடித்துவிடாதீர்கள். அனுமதி கொடுத்தது அரசு. ஊரில் அதைத் தன்னுடையது என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. இடிக்கும் கடப்பாரை விழுவதற்கு வெகுகாலம் முன்பே மறதி விழுந்துவிட்டது.

எதிர்மாறான இன்னொரு கோபுரத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே கடற்கரையில் சில கிலோமீட்டர் வடக்கே நாகூர் தர்கா. அங்குள்ள ஐந்து மினாராக்களில் மிக உயரமானது 131 அடி. அதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங், ஓர் இந்து. அது இன்றும் நிற்கிறது. கந்தூரி விழாவுக்கு எல்லா மதத்தாரும் போகிறார்கள், வேண்டுதல் வைத்து மொட்டை போடுகிறார்கள். இரண்டுமே வேறு மதத்து அரசர் கைகொடுத்த இடங்கள். ஒன்று போய்விட்டது, ஒன்று நிற்கிறது. வித்தியாசம் என்ன? செப்பேடோ செங்கல்லோ இல்லை. நாகூரில் இன்றும் ஆள் வருகிறார்கள், அடுத்த மதத்துக்காரனும் வருகிறான். ஓர் இடத்தைக் காப்பது அதுதான்.

நம் பழைய கல்வெட்டுகளில் பல இடங்களில் முடிவில் ஒரு வேண்டுகோள் வரும். இந்தத் தர்மத்தைக் காப்பவன் பாதம் என் தலைமேல் என்பது அதன் பொருள். கொடுத்தவன் அரசனாக இருந்தாலும், வரப்போகும் முகம் தெரியாத ஒருவனின் காலைத் தன் தலையில் வைக்கத் தயாராக இருக்கிறான். காப்பவன் என் மதமா, என் சாதியா என்று அவன் கேட்கவில்லை.

வீட்டுப்பாடம் இரண்டு. சென்னையில் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளோடு எழும்பூர் அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனிக் கூடத்துக்குப் போய், நாகப்பட்டினத்துப் புத்தரையும் சோழர் நடராசரையும் ஒரே நாளில் பாருங்கள். இரண்டையும் வார்த்த கை ஒரே மண்ணின் கை என்பது சொல்லாமலே தெரியும். வசதி உள்ளவர்கள் மயிலை சீனி. வேங்கடசாமி எழுதிய "பௌத்தமும் தமிழும்" வாங்கிப் படியுங்கள். 1940இல் வந்த புத்தகம், இன்றும் சலிக்காது.

உங்கள் ஊர்ப் பக்கம் ஏதாவது புத்தர், சமணர் சிலையோ, பள்ளி என்று முடியும் ஊர்ப்பெயரோ இருந்தால் கீழே எழுதுங்கள். ஆளுக்கு ஒன்று எழுதினாலே நல்ல பட்டியல் ஆகும். கோபத்தில் குழுவைவிட்டுப் போன பிள்ளைகளையும் யாராவது கூப்பிட்டுச் சேர்த்துவிடுங்கள். அவர்கள் ஊர்ப் பட்டியலும் எனக்கு வேண்டும்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்